ஸ்டொன்கியேனே என்கிற கைரித்தே

கிளைபேதா துறைமுகம், இரண்டாம் வாயில்,
காலை ஐந்து நாற்பது.
பால்டிக் காற்று காதைத் திருகுகிறது.
பதினோரு வருடமாய்ப் பாரந்தூக்கி ஓட்டும் ரமுனேயிடம்
திரை சொன்னது:
"வருக, புதியவரே.
முதல்நாள் பாதுகாப்புப் படத்தைப் பார்த்து முடிக்கவும்."

பார்த்தாள், பத்தொன்பது நிமிடம்,
தலைக்கவசம் எப்படி அணிவதென்று.
பிறகு எனக்குப் போன் செய்தாள்.
அவள் சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது.

எங்கள் மொழியில் பெண்ணின் குடும்பப்பெயருக்கு வாலுண்டு.
ஸ்டொன்குஸ் வீட்டில் வாழ்க்கைப்பட்டால் ஸ்டொன்கியேனே;
கைரிஸ் பெற்ற பெண்ணென்றால் கைரித்தே.
சம்பளச் சீட்டைப் பார்த்தே
யார் வீட்டில் என்ன நடந்ததென்று சொல்லிவிடலாம்.
போன மாதம் நீதிமன்றம்
பழைய வாலை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது.
அலுவலகம் புது மின்னஞ்சல் கொடுத்தது.
அதே வாரம்தான் நாங்கள்
எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி என்று
புது உள்நுழைவுக்கு மாறியிருந்தோம்.
கேக்கூட வெட்டினோம்.

மடிக்கணினியில் ஒரு கொள்கலன் எழுப்பினேன்:
உள்ளே, அடையாளம் வழங்கும் சேவையின் நகல்.
பக்கத்தில் இன்னொன்று, எங்கள் செயலி.
ஜன்னலுக்கு வெளியே நிஜக் கண்டெய்னர்கள்,
உரம், வாழைப்பழம், யாரோ ஒருவரின் சோபா.
என்னுடையதில் ஒரே ஒரு பெண்.
ரமுனே ஸ்டொன்கியேனே. கடவுச்சொல் 1234.

இரண்டு மணி நேரம் அவளால் உள்ளேயே வர முடியவில்லை.
குற்றம் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற சொல்லில்.
உலாவி சொன்னால் அது என் கணினி.
கொள்கலனுக்குள் செயலி சொன்னால் அது செயலியே.
அடுத்த வீட்டைத் தட்டச் சொன்னால்
தன் நெஞ்சையே தட்டிப் பார்த்துவிட்டு
யாருமில்லை என்று திரும்பியது.
முகவரியை மாற்றினேன். இப்போது
சீட்டு கொடுத்தவர் பெயர் ஒன்று, தான் கேட்ட பெயர் ஒன்று
என்று முறைத்தது.
ஒரே ஆளுக்கு வாசலில் ஒரு பெயர், வீட்டுக்குள் ஒரு பெயர்
கூடாதாம்.
ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி. சமாதானம்.

பிறகு தொடங்கியது.
நுழை. வெளியேறு. மணவிலக்கு. நுழை.
கலை. எழுப்பு. நுழை.
வக்கீல் இல்லை, ஜீவனாம்சம் இல்லை,
ஒரு தடவைக்குப் பதினான்கு விநாடி.
முப்பத்தேழாவது முறை
தவுத்விதாஸ் காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்து
"மறுபடி கட்டிவைத்துப் பாரேன்" என்றான்.
கட்டிவைத்தேன்.
பதினோரு வருடமும் திரும்பி வந்தது.
பிரித்தேன்.
போனது.

அடையாளச் சீட்டைப் பிரித்துப் படித்தேன்.
பெயர் மாறியிருந்தது. மின்னஞ்சல் மாறியிருந்தது.
'சப்' என்ற இடத்தில் மட்டும்
கோடுகளோடு சேர்த்து முப்பத்தாறு எழுத்து,
எந்த வாயாலும் உச்சரிக்க முடியாத ஒன்று,
அப்படியே.
அது ஒவ்வொரு முறையும் வந்துகொண்டுதான் இருந்தது.
மின்னஞ்சலை வைத்து ஆளைத் தேடு என்று
மூன்று மாதம் முன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை
எழுதிவிட்டுப் போனவன் யாரென்று தேடினேன்.
நான்.

ஒரு வரி திருத்தம். ஒரு புதுச் சோதனை, அதன் தலைப்பு:
பெயர் மாறினாலும் ஆள் அவளே.
பச்சை.
கொள்கலனைக் கலைத்தேன்.
உள்ளே இருந்தவள் போனாள், துடைக்கக்கூட எதுவும் மிஞ்சாமல்.

மாலை நான்கு மணிக்கு மறுபடி போன்.
நாற்பது மீட்டர் உயரத்துக் கூண்டிலிருந்து.
"சான்றிதழ் வந்துவிட்டது. விடுப்பு பதினேழு நாள்,
அதுவும் வந்துவிட்டது."
நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன்.
"பழைய பெயருக்கு வரும் மெயில்
இன்னும் எனக்கே வருகிறதே?"
ஆறு மாதம் வரும், ஒரு வசதிக்காக, என்றேன்.
"யார் வசதிக்கு?"

காற்று இரைந்தது.
அது வேறு துறை, என்றேன். படிவம் ஒன்று இருக்கிறது.
உள்நுழைந்தால் கிடைக்கும்.